யார் மனசும் புண்படாமல்

முதல் அடி முழங்காலில் விழுந்தது. கறுப்புத் திரைச்சீலை தலையோடு சுற்றிக் கிடந்ததால், அடிக்கிற ஆள் யாரென்று வெடிக்குத் தெரியவில்லை. கட்டை இறங்கிய வேகத்தைப் பார்த்தால், கூலி வாங்கிக்கொண்டு வந்த அடியாள் மாதிரிதான் இருந்தது.

"ஐயோ! யாருங்க நீங்க? பல் டாக்டருங்க அனுப்பின ஆளா?"

பதிலுக்கு முதுகில் இன்னொன்று விழுந்தது.

வெடி என்பது மேடைப் பெயர். ஜோக் சொல்லிப் பிழைக்கிறவன். வேறு தொழில் சுட்டுப்போட்டாலும் வராது. இந்த ஒரே மாதத்தில் இது நாலாவது உதை. பல் டாக்டர்களைக் கிண்டல் செய்ததற்கு, மைக்காலேயே வாயில் இடித்து முன்பல்லைப் பெயர்த்துவிட்டார்கள். டிரைவர்கள் விலா எலும்பைப் பதம் பார்த்தார்கள். மாமியார்கள் கைப்பையால் மொத்திய மொத்தில் ரெண்டு நாள் காது கேட்கவில்லை.

அதோடு அரங்க மேனேஜர் ஒப்பனை அறைக் கதவில் ஒரு பட்டியலை ஒட்டிவிட்டார். யார் யாரைப் பற்றியெல்லாம் வாய் திறக்கக் கூடாது என்று மொத்தம் நாலு பக்கம்.

"இனிமே ஒருத்தர் மனசு புண்பட்டாலும் மைக் உனக்கில்ல. வேற ஆளைப் போட்டுருவேன்."

"எல்லாரையும் எழுதிட்டீங்களே! மிச்சம் யாருண்ணே இருக்கா?"

"ஏன், நீ இருக்கியே!"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இன்று மத்தியான நிகழ்ச்சி முழுக்க வெடி தன் காலைத் தானே வாரிக்கொண்டான்.

"போட்டோ பிடிக்கிறவன் 'கொஞ்சம் சிரிங்க'ன்னான். சிரிச்சேன். 'வேணாம் சார், சோகமாவே இருங்க'ன்னுட்டான்!"

எட்டாம் வகுப்பில் மூன்று முறை தோற்றது, பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனது, ஒன்றையும் அவன் பாக்கி வைக்கவில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பாடா, பிழைத்தோம் என்று மேடைக்குப் பின்னால் வந்தவன் மேல்தான் இந்தத் திரை வந்து விழுந்தது.

"இன்னிக்கு நான் யாரையும் சொல்லலீங்க! சத்தியமா என்னைப் பத்தி மட்டும்தான் சொன்னேன்!"

அதைக் கேட்டதும் கட்டைக்கு இன்னும் வெறி பிடித்தது. தொடையில் ரெண்டு, முதுகில் மூன்று. தடுமாறி விழுந்தவனின் உதடு பெட்டி விளிம்பில் இடித்துக் கிழிந்து, ரத்தம் உப்புக் கரித்தது.

இடது தோளைக் காட்டி அடியைத் தாங்கப் பார்த்தான். அடி சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் விழுந்தது. இடது தோள் சின்ன வயதில் முறிந்து கூடியது; அதில் படவில்லை. அந்த மட்டும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டே! இத்தனை நாள் வாங்கிய உதையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலைக்கேறியது. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளக்கூட ஒருத்தனுக்கு உரிமை இல்லையா? இன்றைக்கு ஒரு கொலை விழட்டும், ஜெயிலுக்குப் போனாலும் சரி என்று திரையைக் கிழித்து உதறினான். கைக்குச் சிக்கிய இரும்பு மைக் ஸ்டாண்டைத் தலைக்கு மேலே ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க நின்றிருந்தாள் ஒரு கிழவி.

"அம்மா! நீயா? ஏம்மா... நான் யாரைம்மா புண்படுத்தினேன்?"

"எவனை வேணா பேசிக்கோடா! எம்புள்ளையைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, நாக்கை அறுத்துருவேன்!"