சட்டை இன்னும் ஆகலை

“இன்னுமா ஆகலை? முந்தாநாளே தர்றேன்னுதானே சொன்னீங்க?”

கடைக்குள் கால் வைக்கும்போதே நாத்தனார் குரலை உயர்த்திவிட்டாள். பின்னால் வந்த அவள் தம்பி மனைவி கதவோரம் நின்றாள். தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டரை மாதம். திங்கட்கிழமை வங்கி வேலைக்குத் திரும்ப வேண்டும். தொளதொளத்துப்போன மூன்று சட்டைகளையும் பிடித்துத் தரச் சொல்லிப் போட்டு எட்டு நாள் ஆகிவிட்டது.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை.

“உட்காருங்க. பத்து நிமிஷம்.”

“இதையேதான் அன்னைக்கும் சொன்னீங்க.”

“இன்னைக்கு நிஜமாவே பத்து நிமிஷம்தான்.”

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தைத்த துணியை வாங்க வந்திருந்த, கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரி, தம்பி மனைவியை மேலும் கீழும் பார்த்தாள்.

“அட, நீயா? அடையாளமே தெரியலையேம்மா. எனக்குப் பிள்ளை பிறந்து பதினோரு வருஷம் ஆச்சு, வயிறு இன்னும் இறங்குவேனாங்குது. நீ என்ன மருந்து சாப்பிடறே?”

“மருந்தாவது மண்ணாவது” என்றாள் நாத்தனார் பெருமையாக. “வாயைக் கட்டறா, அவ்வளவுதான். நான் ரெண்டு பெத்துட்டு அரிசி மூட்டையா உருண்டேன். இவ பிள்ளை உண்டாகறதுக்கு முன்னாடி இருந்ததைவிட இளைச்சுட்டா. குடுத்து வச்சவ.”

தம்பி மனைவி சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி போனதும் தையல்காரம்மா தெருவை எட்டிப் பார்த்தாள். மறுபடி மெஷினை ஓட்டினாள். மறுபடி எட்டிப் பார்த்தாள்.

நாத்தனார் எழுந்து வந்து மெஷின்மேல் குனிந்தாள்.

“இருங்க. நீங்க தைக்கிறது எங்க சட்டையே இல்லையே. யார் வீட்டுத் திரைச்சீலையோல்ல ஓடிட்டிருக்கு?”

தையல்காரம்மா திரைச்சீலையைத் திருப்பிப் போட்டு ஓட்டினாள்.

தம்பி மனைவியின் கைபேசி அடித்தது. கணவன். குழந்தை அழுகிற சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

“சீக்கிரம் வந்துடு. பால் பாட்டிலை வாயிலேயே வைக்க விடமாட்டேங்குறான்.”

“நான் வந்து தூக்கினாலும் அழத்தான் போறான்” என்றாள் அவள். கோபமில்லாமல், வருத்தமில்லாமல், யார் வீட்டுக் குழந்தையையோ சொல்வதுபோல. கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

மெஷின் நின்றது.

“எழுந்திரு, போலாம்” என்றாள் நாத்தனார். “எங்க சட்டையைக் குடுத்துடுங்க. நாங்க வேற கடை பாத்துக்கறோம்.”

தையல்காரம்மா அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஊசி படவே இல்லை.

“தொடவே இல்லையா?”

“இல்லை. தொடவும் மாட்டேன்.”

“இது என்ன அநியாயம்? பிள்ளை பெத்தவளை எட்டு நாளா அலையவிட்டுட்டு, பேச்சைப் பாரு.”

தையல்காரம்மா அளவு நோட்டை விரித்து விரலை வைத்தாள்.

“பிள்ளை உண்டாகறதுக்கு முன்னாடி இடுப்பு முப்பத்திமூணு. பிரசவம் முடிஞ்சு வந்தப்போ முப்பத்தேழு. மூணு வாரத்துல முப்பத்திமூணு, பிடிச்சுக் குடுத்தேன். போன வாரம் முப்பது.”

“நல்லதுதானே?”

“இடுப்பு மட்டும் இறங்கினா சரி. தோளு, கையி எல்லாம் சேர்ந்து இறங்குது. டேப்பைச் சுத்தறப்போ நேத்து என்னம்மா சாப்பிட்டேன்னு பேச்சுக்குக் கேட்டேன். யோசிச்சா. ரொம்ப நேரம் யோசிச்சா. பதிலே வரலை.”

தம்பி மனைவி தரையைப் பார்த்தாள்.

“அவ சாப்பாடு எங்க வீட்டு விஷயம்” என்றாள் நாத்தனார். “உங்க வேலை துணி தைக்கிறது. அதைப் பாருங்க.”

வாசலில் செருப்புச் சத்தம். ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஒரு நர்ஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“மன்னிச்சுக்குங்கக்கா, காலை டியூட்டி முடிய நேரமாயிடுச்சு. எந்தப் பொண்ணு?”

தையல்காரம்மா முகவாயால் பெஞ்சைக் காட்டினாள்.

நர்ஸ் தம்பி மனைவியை ஒட்டி உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“குழந்தை தூங்கற நேரத்திலயாவது உனக்குத் தூக்கம் வருதாம்மா?”

அவ்வளவுதான் கேட்டாள். தம்பி மனைவி வாயைத் திறந்தாள். உதடு கோணியது. பிறகு முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்து, உடம்பு குலுங்க அழ ஆரம்பித்தாள்.

நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது.

“வீட்டில ஒரு வார்த்தை சொல்லலையே இவ.” தையல்காரம்மா பக்கம் திரும்பி, “இவங்க வர்றதுக்காகவா எங்களை உட்கார வச்சீங்க?” என்றாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னா போயிருப்பீங்களா? இளைச்சவளுக்கு எதுக்கு வைத்தியம்னு என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பீங்க.”

“சரிதான். ஆனா நாங்க உங்களுக்கு என்ன ஒட்டா உறவா? எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?”

தையல்காரம்மா நோட்டை மூடினாள்.

“போன வருஷம் ஒரு பொண்ணு. கைக்குழந்தைக்காரி. நாலு தடவை சட்டை பிடிச்சுக் குடுத்தேன். நாலு தடவையும் குடுத்து வச்சவ நீன்னு சொல்லித்தான் குடுத்தேன். அஞ்சாவது சட்டையை வாங்க அவ வரலை, அவங்க அப்பா வந்தாரு. தைக்க வேண்டாம்மா, போட்டுக்க அவ இல்லை, அப்படியே குடுங்கன்னாரு.”