நல்ல கேள்வி

கணவன் வேலைக்குக் கிளம்பியதும் வாசல் கதவு 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. அவன் விரல் ரேகைக்கு மட்டும் திறக்கிற காந்தப் பூட்டு. "உன் பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி மாட்டியிருந்தான்.

அண்ணனிடம் போனில் அழுது பார்த்தாள். "மாப்பிள்ளை நல்லதுதானே செஞ்சிருக்கார்" என்றுவிட்டார். அன்றோடு போனும் பறிபோயிற்று.

"இந்தக் காந்தம் எப்படிங்க வேலை செய்யுது?" என்று கணவனையே கேட்டாள்.

"உன் மண்டையில அதெல்லாம் ஏறாது. போய் அடுப்பைப் பாரு." தன் போனில் யாருக்கோ மும்முரமாகப் பதில் தட்டிக்கொண்டே சொன்னான்.

பரணில் ஒரு பழைய டேப்லெட் கிடந்தது. அதை வைத்து 'ஏன், எப்படி?' என்ற இணையக் குழுவில் 'தவளை' என்ற பெயரில் சேர்ந்தாள். மின்மினி ஏன் சுடுவதில்லை? கிளி பேசுவது மொழியா? எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் எழுதுவார், 'புரொபசர்' என்ற பெயரில் இருந்தவர்.

இன்று கேட்டாள்: "கரண்ட் போனா காந்தப் பூட்டு என்ன ஆகும் சார்?"

"நல்ல கேள்வி, தம்பி! காந்தம் செத்துடும், கதவு தானா திறந்துக்கும். பேட்டரி இருந்தா அந்த ஒயரையும் பிடுங்கணும். கூச்சப்படாம கேளுங்க, கேட்டாத்தான் அறிவு வளரும்!"

மெயினை அணைத்துவிட்டு, கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

மதியம், பஸ் நிலையத்து இலவச வைஃபையில், குழுவில் எழுதினாள்:

"புரொபசர் சார், நீங்க சொன்னபடியே திறந்துடுச்சு.

ஏங்க, உங்க போன்ல எட்டிப் பார்த்துத்தான் இந்தக் குழுவைக் கண்டுபிடிச்சேன். வீட்டுக்குப் போனதும் முதல்ல மெயினைப் போடுங்க. சாப்பாடு ஃபிரிட்ஜ்ல இருக்கு. சூடு பண்ணத் தெரியலன்னா இங்கேயே கேளுங்க. நல்ல கேள்விதான்."