கிரைண்டருக்கு ஒரு பதில் மனு

“நீங்கதான் சார் ஒரு பதில் எழுதித் தரணும்” என்று முத்துச்செல்வி மாநகராட்சி நோட்டீசை மேசைமேல் வைத்தபோது, நாகசுப்பிரமணியன் பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே இறக்கினார்.

பக்கத்து வீட்டுக்காரி. வீட்டிலேயே பெரிய கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கே விற்கிறவள்.

குடியிருப்புப் பகுதியில் மோட்டார் வைத்துத் தொழில் செய்கிறாள், சத்தம் தாங்க முடியவில்லை என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம். ஏழு நாளில் பதில் வராவிட்டால் கிரைண்டருக்குச் சீல்.

புகார்தாரர் பெயர் நோட்டீசில் இல்லை. எப்படி இருக்கும்? காளவாசல் வரை போய் டைப் அடித்து, பெயர் போடாமல் தபாலில் சேர்த்தவர் நாகசுப்பிரமணியன்தான்.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். இரண்டு மணிக்குத்தான் அவர் கண்ணயர்வார். ரிட்டயர் ஆன மனுஷனிடமிருந்து மத்தியானத் தூக்கத்தையும் பிடுங்கினால், அவன் மனுப் போடாமல் என்ன செய்வான்?

“அவரு ஆட்டோ ஓட்டுறது வாடகைக்கே பத்தல சார். மக தமிழ்வாணி படிப்பு இந்த மாவுலதான் ஓடுது. கிரைண்டரை நிப்பாட்டுனா அவளைக் காலேஜை விட்டு நிப்பாட்டணும்.”

தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடும்படி, மனைவி ராதாமணியிடம் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் முணுமுணுத்தார். அவளோ முத்துச்செல்விக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே அதட்டினாள். “எழுதத்தானே கேக்குறா? கிரைண்டரையா தூக்கச் சொல்றா?”

ராதாமணிக்குப் புகார் விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே அவருக்கு இட்லி நின்றிருக்கும்.

ஏனோதானோவென்று நாலு வரி கிறுக்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். ஆனால் ‘பார்வை’ என்று எழுதி, நோட்டீஸ் எண்ணைப் போட்டதும் கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தா. அரைகுறை மனு ஒன்று அவர் கையை விட்டுப் போனதே கிடையாது.

வீட்டளவில் செய்யும் சிறுதொழிலுக்குக் குடியிருப்புப் பகுதியிலும் இடம் உண்டு என்று எழுதினார். மோட்டார் சின்னது, கூலியாள் கிடையாது என்று எழுதினார். சத்தத்துக்குப் பகலில் ஒரு வரம்பு, இரவில் ஒரு வரம்பு. மத்தியானம் இரண்டு மணி எந்தச் சட்டத்திலும் இரவு ஆகாது என்று எழுதினார்.

இதெல்லாம் புகார் எழுதும்போதும் அவருக்குத் தெரிந்ததுதான். அப்போது நைசாகத் தாண்டிப் போயிருந்தார்.

‘புகார்தாரர் தம் சொந்தச் சௌகரியத்துக்காக உண்மைகளை மறைத்ததோடு, தம் பெயரையும் மறைத்துள்ளார்’ என்று எழுதியபோது, அந்த ஆள்மேல் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

எழுதி முடித்து உரக்க வாசித்தார். ராதாமணி ஒரு தடவை கை தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். இனி எந்த அதிகாரியாலும் அந்தக் கிரைண்டரைத் தொட முடியாது. அவருடைய தூக்கம் போனது போனதுதான்.

கையெழுத்துப் போட்டு வாசல் வரை போன முத்துச்செல்வி நின்றாள். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“ஆபீஸ்ல அந்தப் புகாரையும் காட்டுனாங்க சார். இம்புட்டு அழகா எழுத நம்ம தெருவுல வேற யாரு இருக்கா? அதான் நேரா உங்ககிட்டயே வந்துட்டேன்.”

அவர் அவசரமாக அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆனா சார், அதைவிட இது நல்லாருக்கு.”

நாகசுப்பிரமணியனுக்கு உயிரே போகிற மாதிரி அவமானமாக இருந்தது. இருந்தாலும் அவள் படியிறங்குவதற்குள் கேட்டுவிட்டார்.

“எந்தப் பாரா?”