கழுத்துப்பட்டை

பேத்துப்பாறை விடுதி வாசலில் காலைப் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அறை பெருக்கும் நதியாவின் மடியில் விடுதி நாய் செம்பன் கிடக்கிறான். குளவி கொட்டி அரைமணி நேரந்தான் ஆகிறது. அதற்குள் உதடு தடித்துத் தொங்குகிறது, கண்கள் இரண்டும் வெறும் கோடாகிவிட்டன. சற்றுமுன் “பூசணிக்கா மூஞ்சி” என்று விழுந்து விழுந்து சிரித்து அவனைப் படம் பிடித்த சென்னைக்காரர், இப்போது காரில் பெட்டிகளை ஏற்றுகிறார். நதியா கழுத்துப்பட்டையை அவிழ்க்கிறாள். வீக்கத்தில் அது புதைந்திருந்த தடம் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் சத்தம் வருகிறது. “சார், வீக்கம் தொண்டைக்கு எறங்குதுங்க. நீங்க போற வழியிலதான் மாட்டாஸ்பத்திரி. நானும் கூட வாரேன், வெரசாப் போனாப் பொழைச்சுக்கும்.” அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பின்சீட்டைப் பார்க்கிறார். அங்கே கம்பளி விரிப்பின்மேல், ஸ்வெட்டர் போட்ட அவர் வீட்டு நாய்க்குட்டி. “அய்யய்யோ, எங்க கோக்கோவுக்கு ஒட்டிக்கும்மா.” “கொளவி கொட்டுனது எப்பிடிங்க ஒட்டும்?” பதிலுக்குக் கார்க் கண்ணாடி ஏறுகிறது. எஞ்சின் சத்தம் கேட்டதும் செம்பன் அவள் மடியிலிருந்து தள்ளாடி எழுகிறான். விருந்தாளிகள் கிளம்பும்போதெல்லாம் செய்வதுபோல வாலாட்டுகிறான். கார் வளைவில் திரும்பி மறைந்தது தெரியாமல், காலி வாசலைப் பார்த்து இன்னும் ஆட்டிக்கொண்டே நிற்கிறான்.