சாதாரண வார்த்தை

"பச்சையைக் கொஞ்சம் குறைங்கன்னு சொன்னா மேனேஜர் என்ன குறைஞ்சா போயிடுவார்? 'எக்ஸூபரன்ட்டா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போறார். இது பாராட்டா, திட்டா? நான் என்னத்தைக் கண்டேன்?"

வாழ்த்து அட்டைக்குப் படம் வரையும் ஓவியர் பாவமாகக் கேட்டார்.

"பந்தா. வேற என்ன?" என்றாள் துணை மேனேஜர்.

மேனேஜருக்கு அந்த ஆபீஸ் வைத்த பேர் டிக்ஷனரி. படத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, ஆளைப் பற்றிப் பேசினாலும் சரி, பல்லை உடைக்கிற இங்கிலீஷ்தான். மேஜை மேல் செங்கல் கனத்துக்கு ஒரு அகராதி வேறு. வருஷக் கடைசியில் தன்னிடம் வேலை பார்க்கும் ஆறு பேரைப் பற்றியும் தலைமை ஆபீசுக்கு ரகசியக் குறிப்பு அனுப்புவார். அதுவும் அந்த பாஷையில்தான்.

துணை மேனேஜருக்கு அவருடைய நாற்காலி மேல் ஏழு வருஷமாக ஒரு கண். வருஷம் தவறாமல் தலைமை ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் தட்டிவிடுவாள். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று இடது கையால் எழுதுவாள். 'மேனேஜர் எழுதுவது யாருக்கும் புரியவில்லை. வேலை தெரியாததை இங்கிலீஷை வைத்து மறைக்கிறார்.'

ஆறு வருஷம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஏழாவது வருஷம் பலித்தது. தலைமை ஆபீசிலிருந்து அவளுக்கே போன்.

"உங்க பிரிவில ஒருத்தரைக் குறைக்கணும். மேனேஜர் எழுதின குறிப்பு ஒண்ணும் எங்களுக்கு விளங்கலை. நீங்களே அதையெல்லாம் சாதாரண வார்த்தையில எழுதி சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க. அதை வச்சு முடிவு பண்றோம்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மேனேஜர் பீரோவைத் திறந்து ஃபைல்களை எடுத்தார்.

"ஆறு பேரோடதும் வேணுமாம்மா? உங்களோடதுமா?"

"எல்லாம்னுதான் சார் உத்தரவு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "சரிம்மா. இந்த டிக்ஷனரியையும் எடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு சார்? போன்ல பார்த்துக்கறேன். அதோட, எனக்குத் தெரியாதவங்களா இவங்க?"

முதல் ஃபைல், வண்ணம் தீட்டுகிறவருடையது. ஆபீசில் அவருக்கு ஆமை என்று பேர். ஏழு வருஷமும் 'மெட்டிகுலஸ்' என்றே எழுதியிருந்தது. போனில் தட்டினாள். 'ஒன்றையும் விட்டுவிடாமல் நுணுக்கமாகச் செய்பவர்.'

"அடேங்கப்பா! ஒரு பூவுக்கு ஒரு நாள் எடுக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டமா?"

சாதாரண வார்த்தையில் எழுதினாள்: மந்தம்.

எந்நேரமும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓவியருக்கு 'கன்டெம்ப்ளேட்டிவ்'. ஆழ்ந்து யோசிப்பவராம். பகல் கனவு என்று எழுதினாள். அச்சுக்கூடத்தோடு தினமும் மல்லுக்கு நிற்கும் அக்காவுக்கு 'டினேஷியஸ்'. பிடித்த காரியத்தை விடாதவராம். சண்டைக்கோழி என்று எழுதினாள்.

ஐந்து ஃபைல் முடிந்தபோது விஷயம் பிடிபட்டது. ஒவ்வொருத்தர் குறையையும் திருப்பிப் போட்டு, நிறையாக்கி வைத்திருக்கிறார் மனுஷன்! ஏழு வருஷமாகத் தலைமை ஆபீஸ் காதில் பூச்சுற்றியிருக்கிறார்.

'இருக்கட்டும். இன்னிக்கு ஆமையோட சீட்டு கிழிஞ்சுது' என்று நினைத்துக்கொண்டாள். ஆமைக்கு மூன்று பெண்கள், மூன்றும் பள்ளிக்கூடம் போகின்றன என்பது ஒரு நிமிஷம் ஞாபகம் வந்தது. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

கடைசியாக அவளுடைய ஃபைல். அவளுக்கும் ஏழு வருஷமாக ஒரே வார்த்தைதான். 'கேன்டிட்'.

தட்டினாள். 'மனதில் பட்டதை ஒளிவுமறைவில்லாமல் நேருக்கு நேர் சொல்பவர்.'

முகம் மலர்ந்துபோனது. "பரவாயில்லையே! என் விஷயத்தில மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கார்."

சந்தோஷமாகப் பக்கத்தைப் புரட்டினாள்.

பின்னால் குண்டூசி குத்தி ஏழு காகிதங்கள். இடது கையால் எழுதின கோணல் எழுத்து.

ஒவ்வொன்றின் தலையிலும் தலைமை ஆபீசின் சிவப்பு மை. 'இதை எழுதியது உங்கள் ஆள்தான். பெயரை அனுப்பவும். வேலையை விட்டு நீக்குகிறோம்.'

ஒவ்வொன்றின் அடியிலும் மேனேஜர் அனுப்பிய பதிலின் நகல். அந்த ஆறு ஃபைலிலும் அவர் சாதாரண வார்த்தையில் எழுதியிருந்தது அது ஒன்றுதான்.

'எழுதியவரை எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். நன்றாக வேலை செய்கிறவர். இருக்கட்டும்.'

தான் எழுதியிருந்த பட்டியலைப் பார்த்தாள். அவளுடைய பெயருக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. அங்கே எழுத வேண்டிய சாதாரண வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுதி வைத்திருந்த காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டாள். எழுந்து போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

"முடிஞ்சுதாம்மா?" அவர் தலை நிமிரவில்லை.

"இல்ல சார். அந்த டிக்ஷனரியைக் கொஞ்சம் தாங்க. ஆறு பேர்ல ஒருத்தரைக்கூடக் குறைக்க முடியாத மாதிரி வார்த்தை தேடணும்."