மூன்றாவது சிவப்பு

எங்கள் அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகள். ஞாயிறுதோறும் மோப்பப் பெட்டி எல்லாச் சமையலறைகளையும் முகரும். மற்ற வீடுகளின் வாசத்தோடு ஒட்டாத வீட்டின் கதவில் சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை எரிந்தால் அந்தக் குடும்பத்தை நாடு கடத்திவிடுவார்கள்.

என் வகுப்புத் தோழி மிதாலி வீட்டில் இரண்டு முறை எரிந்துவிட்டது. அவள் பெற்றோர் கடலில் மூழ்கிய வங்கத் தீவிலிருந்து வந்தவர்கள். கடுகெண்ணெயில்தான் சமைப்பார்கள்.

“ரசம் வைக்கப் பழகட்டும், இல்லேன்னா கிளம்பட்டும்,” என்றார் சங்கச் செயலாளர் வேதாசலம்.

எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்ககத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் கிளம்பினோம். ஆளுக்கொரு கடுகெண்ணெய் பாட்டிலோடு வீடு வீடாகக் காலிங்பெல் அடித்தோம். செயலாளர் வீட்டை மட்டும் விட்டுவிட்டோம்.

“ஆன்ட்டி, இந்த ஞாயிறு ஒருநாள் சமையல் நாங்க பண்றோம், ப்ளீஸ்!”

ஞாயிறு காலை இருபத்து மூன்று வீடுகளிலும் கத்திரிக்காய் பொரிந்தது. நெடியில் என் அப்பா ஒன்பது தும்மல் போட்டார். என் கத்திரிக்காய் கருகியே போனது. யாருக்குக் கவலை!

பன்னிரண்டு மணிக்குப் பெட்டி முகர்ந்தது. மிதாலி வீட்டில் பச்சை! எங்கள் வீட்டிலும் பச்சை! கத்திக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினோம்.

முதல் மாடியில் ஒரே ஒரு கதவு சிவந்திருந்தது. வேதாசலம் ரசக் கரண்டியோடு வாசலில் நின்றார்.

“நான் பொறந்து வளர்ந்ததே இந்த ஊர்லதானே!” என்றார்.

“நானும்தான் அங்கிள்,” என்றாள் மிதாலி.