கேரட் இல்லாத கொத்துக்கறி

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு இன்றுதான் அப்பா அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். மாட்டுக் கொத்துக்கறி வெங்காயத்தோடு கொதிக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, வெளியே பெய்யும் மழை தெரியவில்லை. அவர் உருளைக்கிழங்கை மசிக்கிறார். தங்கை மோராக் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “கேரட்டே இல்ல. இது அம்மா செய்யற மாதிரி இல்ல.” “கறியில கேரட் போட்டா அது குதிரைத் தீனின்னு உங்கம்மாகிட்ட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன், தெரியுமா” என்று அப்பா சிரிக்கப் பார்க்கிறார். சிரிப்பு வரவில்லை. பிறகு ஒரு கேரட்டை வட்டமாக நறுக்கி, வெந்நீரில் போட்டு எடுத்து, ஒவ்வொரு துண்டாக அவள் தட்டிலிருக்கும் கறிக்குள் விரலால் அழுத்திப் புதைக்கிறார். பாதி வேகவே இல்லை. “இப்ப ஒரு வாய் வாங்கிக்க. நேத்துலேருந்து நீ ஒண்ணுமே சாப்பிடல.” கரண்டி அவள் வாய்க்கு முன்னால் அப்படியே நிற்கிறது. நான் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். “அம்மாவுக்கு எடுத்து வச்சியாப்பா?” என்று மோராக் கேட்கிறாள். அப்பா கரண்டியைக் கீழே வைக்கிறார். திரும்பி நின்று, அணைந்த அடுப்பின் மேல் இருக்கும் சட்டியைக் கிளறுகிறார். கிளறிக்கொண்டே இருக்கிறார்.